பிஎஸ்5 ஆ, பீசியா? காசு குடுக்க முதல் அம்மம்மாட்ட கேளுங்கோ

அக்காட மகன் ஏஎல் சோதினை முடிச்ச அண்டைக்கே எனக்கு வொய்ஸ் மெசேஜ் போட்டான். "மாமா, அப்பா காசு தாறன் எண்டுட்டார், பிஎஸ்5 எடுப்பமா பீசி ஒண்டு பூட்டுவமா, கெதியா சொல்லுங்கோ, அவர் மனம் மாற முதல்." பிஎஸ்5 எண்டா பிளேஸ்டேஷன் 5, டிவியில கொழுவி விளையாடுற கொன்சோல். நான் பதில் சொல்லேல்ல, அளக்கிற டேப்பை எடுத்துக்கொண்டு தெஹிவளைக்கு அவையின்ர ஃபிளாட்டுக்கு போனன். எல்லாரும் கிராபிக்ஸ், எஃப்பிஎஸ் (செக்கனுக்கு எத்தினை படம் ஓடுது எண்ட கணக்கு), எக்ஸ்குளூசிவ் கேம் எண்டு கதைப்பினம், ஆனா கொழும்பு ஃபிளாட் ஒண்டுக்குள்ள முதல் பாக்க வேண்டியது மூண்டு சாமான்தான்: டிவி ஆற்ற கையில இருக்கு, பிளக் பொயிண்ட் எங்க இருக்கு, மேசை போட இடமிருக்கா.

அந்த வீட்டில ஒரே ஒரு டிவி, ஹோலில. பின்னேரம் ஆறரையில இருந்து ஒன்பதரை வரைக்கும் அது அம்மம்மாவின்ர, நாடகம் ஓடும், அந்த நேரம் ரிமோட்டை தொட ஆருக்கும் துணிவில்ல. பெடியன் வகுப்பு முடிஞ்சு வந்து விளையாடக்கூடிய நேரமும் அதே ஆறரை ஒன்பதரைதான். அப்ப கொன்சோல் எடுத்தா அதோட ஒரு மொனிட்டரோ இன்னொரு டிவியோ எடுக்க வேணும், இந்தச் செலவை ஒருத்தரும் கணக்கில சேக்கிறேல்ல. அதோட உங்கட டிவி பழைய 32 இஞ்சி 720பி டிவி எண்டா பிஎஸ்5 எடுக்கிறது சும்மா வீண், பாவிச்ச பிஎஸ்4 ஒண்டு அதுக்கு தாராளம். டிவி ஸ்டாண்டையும் அளவுங்கோ, 2020 நவம்பரில வந்த முதல் பிஎஸ்5 நிமித்தி வச்சா 39 சென்டிமீட்டர் உயரம், பின்பக்கத்தால வெக்கை போக இடைவெளியும் வேணும், கண்ணாடிக் கதவு போட்ட கபேர்டுக்குள்ள தள்ளி வச்சிட்டு சத்தம் போடுது சூடாகுது எண்டு கத்தக்கூடாது.

பீசி எண்டா மேசை, கதிரை, மொனிட்டர், கீபோர்ட், மவுஸ், யூபிஎஸ் எல்லாம் வேணும். ஆனா அது அறைக்குள்ள போயிடும், அம்மம்மாவோட சண்டை இல்ல, கம்பஸ் அசைன்மென்ட்டும் அதிலயே செய்யலாம். (அப்பாமாருக்கு சொல்ற காரணம் இதுதான், 2003ல எங்கட அப்பாவுக்கு நானும் இதைத்தான் சொன்னன், அசைன்மென்ட் எத்தினை செய்தன் எண்டு கேக்காதீங்கோ.)

காசுக் கணக்கு

பெட்டியின்ர விலையை மட்டும் பாத்து முடிவெடுக்காதீங்கோ. ஒரு கொப்பித் தாளை எடுத்து ஐஞ்சு வருசத்துக்கு எழுதுங்கோ. மெஷின், டிவி அல்லது மொனிட்டர், ரெண்டாவது கொன்ட்ரோலர், வருசத்துக்கு எத்தினை கேம், ஒன்லைன் சந்தா. பிளேஸ்டேஷன்ல காசு குடுத்து வாங்கின கேமை ஒன்லைன்ல சேர்ந்து விளையாட பிளஸ் சந்தா கட்ட வேணும், ஃபோர்ட்னைட் மாதிரி இலவச கேமுக்கு அது தேவையில்ல. பீசியில அப்பிடி ஒரு சந்தா இல்ல. ஸ்டீம்ல எங்கட நாட்டுக்கு டொலர்லதான் விலை காட்டும், ஆனாலும் சேல் நேரத்தில பழைய நல்ல கேமுகள் சாப்பாட்டுப் பார்சல் காசுக்கு விழும். டொலர் எண்டா என்ன எண்டு 2022ல எங்களுக்கு நல்லா விளங்கிட்டுது, மார்ச் தொடங்கேக்க 200 சொச்சம், மே மாசம் 360. பெட்டி வாங்கினதோட செலவு முடியிற மாதிரி பாருங்கோ, மாசாமாசம் டொலர்ல போற சாமானைக் குறையுங்கோ.

கொன்சோல் எடுக்கிறதெண்டா டிஸ்க் போடுற மொடலை எடுங்கோ, இதில மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டன். டிஜிட்டல் எடிஷன் விலை குறைவுதான், ஆனா டிஸ்க் எண்டா விளையாடி முடிச்சிட்டு விக்கலாம், வெள்ளவத்தையில இருக்கிற பெடியன் ஒரு கேம் வாங்க கொட்டாஞ்சேனை பெடியன் இன்னொண்டு வாங்கி ரெண்டு கிழமைக்கு மாத்திக்கொள்ளலாம், நாங்கள் சீடியை மாத்தின மாதிரியே. ஒரு விசயம், பிளேஸ்டேஷன் அக்கவுண்ட் எந்த நாட்டில திறக்கிறீங்களோ அந்த நாட்டு கிஃப்ட் காட்தான் அதுக்கு வேலை செய்யும், டிஸ்க்குக்கு மேலதிகமா வாங்கிற டிஎல்சியும் டிஸ்க் எந்த ரீஜனோ அந்த ரீஜன் அக்கவுண்ட்லதான் ஏறும். அதால முதலே ஒரு நாட்டை முடிவெடுத்து அதிலயே நில்லுங்கோ, பிறகு மாத்த வெளிக்கிட்டா வாங்கினது எல்லாம் பழைய அக்கவுண்ட்டோடயே நிண்டுடும்.

கரண்ட் பில்லும் எழுதுங்கோ. பிஎஸ்5 பெரிய கேம் ஓடேக்க 200 வாட் அளவில இழுக்கும், நாளுக்கு மூண்டு மணித்தியாலம் எண்டா மாசத்துக்கு 18 யூனிட். நடுத்தர கிராபிக் காட் போட்ட பீசியும் மொனிட்டரும் சேர்த்து 350 வாட் எண்டு வச்சா மாசம் 31, 32 யூனிட். வித்தியாசம் சின்னன் மாதிரித்தான், ஆனா எங்கட பில் பிளொக் கணக்கு, பிளொக் ஏற ஏற யூனிட் விலையும் ஏறும், ஏற்கனவே ஏசி ஓடுற வீடெண்டா அந்த 30 யூனிட் எங்க கொண்டுபோய் விடும் எண்டு போன மாச பில்லை எடுத்துப் பாருங்கோ.

பீசி பூட்டுறதெண்டா

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவுக்கு போங்கோ, ஆனா முதல் நாள் வாங்கிறதில்ல, சும்மா ஏறி இறங்கி நாலு கடையில கொட்டேஷன் மட்டும் எடுத்துக்கொண்டு வாறது. கொட்டேஷன்ல எல்லாரும் கிராபிக் காட்டையும் சீபீயூவையும்தான் பாப்பினம், நீங்க பவர் சப்ளை வரியைப் பாருங்கோ. அதில பிராண்டும் வாட்டும் எழுதாம "கேசிங்கோட" எண்டு இருந்தா வெட்டச் சொல்லுங்கோ. நான் ஒருக்கா இப்பிடி கேசிங்கோட வந்த பவர் சப்ளையை நம்பி ஒரு வருசம் ஓடினன், ஒரு நாள் பின்னேரம் டப் எண்டு சத்தம், மீன் கருகின மாதிரி மணம், மதர்போர்டையும் ஹாட் டிஸ்க்கையும் சேர்த்துக் கொண்டு போட்டுது. 80 பிளஸ் லேபல் (கரண்டை கனக்க வீணாக்காது எண்ட சான்று) உள்ள நல்ல 550 வாட் ஒண்டு எடுத்தா அடுத்த ரெண்டு பீசிக்கும் கழட்டிப் பூட்டலாம்.

ரேம் 16 ஜிபி எண்டா எட்டு எட்டா ரெண்டு குச்சி கேளுங்கோ, ஒரே 16ஐ விட அதில வேகம் கூட. கிராபிக் காட்டில பேரை மட்டும் நம்பாதீங்கோ, இது பழைய வருத்தம், ஜீஃபோர்ஸ்4 எம்எக்ஸ் 440 எண்டு 2002ல வந்த காட்டில பேர் நாலு, உள்ளுக்கு இருந்தது ஜீஃபோர்ஸ்2 வழி வந்த சிப், பிக்சல் ஷேடர் எண்ட வெளிச்சம், நிறம் போடுற வசதி இல்லாததால பிறகு வந்த கேமுகள் கனக்க அதில திறக்காது. இப்பவும் அதே கதைதான், ஆர்டிஎக்ஸ் 3060 எண்டு 12 ஜிபியும் இருக்கு 8 ஜிபியும் இருக்கு, 8 ஜிபியில மெமரி பஸ் (மெமரிக்கு போற பாதையின்ர அகலம்) 192 பிட்டுக்குப் பதிலா 128 பிட், கேம்ல வடிவா விளங்கும். கொட்டேஷன்ல முழுப் பேரையும் ஜிபியையும் எழுதச் சொல்லுங்கோ.

பாவிச்ச காட் எண்டா 2022 செப்டம்பரில இதீரியம் எண்ட கிறிப்டோ காசை கிராபிக் காட்டால உழைக்கிற மைனிங் நிண்டதுக்கு பிறகு வித்துத் தள்ளின காட்டுகள் இன்னும் சுத்துது. மைனிங் ஓடின காட் எல்லாம் பழுது எண்டில்ல, ஆனா சோதிக்காம காசு குடுக்காதீங்கோ. பென் டிரைவ்ல ஃபர்மார்க் (காட்டை முழு வேகத்தில ஓட்டிச் சோதிக்கும்), ஜிபியூ-ஸெட் (காட்டின்ர விபரம் காட்டும்), கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ (டிஸ்க்கின்ர நிலைமை காட்டும்) மூண்டையும் கொண்டு போங்கோ, காட்டை பதினைஞ்சு நிமிசம் ஃபர்மார்க்ல விட்டு சூட்டையும் ஃபேன் சத்தத்தையும் பாருங்கோ, திரையில புள்ளி கோடு வருதா எண்டும் பாருங்கோ. பிறகு காட்டை கழட்டி கையில எடுத்து பின்னால இருக்கிற இரும்புத் தகட்டைப் பாருங்கோ, கறள் பிடிச்சிருந்தா அது மரைன் டிரைவ் பக்கம் கடல் காத்து குடிச்ச காட். எங்கட வீடும் அந்தப் பக்கம்தான், ரெண்டு வருசத்தில கேசிங் ஸ்க்ரூ தலையெல்லாம் சிவந்திடும். இதுக்கு நான் கண்ட வழி மெஷினை கிழமைக்கு ரெண்டு தரமாவது போட்டு சூடேத்துறதும், கழட்டி வச்ச பாட்ஸை சப்பாத்துப் பெட்டிக்குள்ள வாற சிலிக்கா ஜெல் பக்கெட்டோட மூடி வைக்கிறதும்தான்.

காசு குறைவெண்டு ஒஃபீஸ்ல பாவிச்ச சின்ன பிராண்ட் மெஷினை எடுத்து அதுக்குள்ள காட் போடுற யோசினை கனபேருக்கு வரும். நல்ல யோசினைதான், ஆனா கவனம், கனக்க மெஷின்ல பவர் சப்ளை 200, 250 வாட்தான், காட்டுக்கு குடுக்கிற ஆறு பின் வயரே இருக்காது, மதர்போர்டுக்கு போற பிளக்கும் வேற மாதிரி, கடையில வாங்கி மாத்தவும் ஏலாது. மூடியை திறந்து காட்டச் சொல்லிப் பாத்து எடுங்கோ. விண்டோஸ் 10க்கு சப்போர்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிஞ்சுது, 11 போட இன்டெல் எட்டாம் ஜெனரேஷனாவது வேணும், அதுக்கு கீழ குடுத்தா விலையை நல்லா அடிச்சுக் கேளுங்கோ.

யூபிஎஸ்ல 650 விஏ எண்டு எழுதியிருந்தா அது வாட் இல்ல, அந்த சைஸ் 360 வாட் அளவுதான் தாங்கும். கேம் ஓடேக்க கரண்ட் போனா சேவ் பண்ணி நிப்பாட்ட ரெண்டு நிமிசம் கிடைக்கும், அவ்வளவுதான். ஏப்ரலும் ஒக்டோபர் நவம்பரும் பின்னேர இடி இருக்கே, அதுக்கு யூபிஎஸ் காணாது, பிளக்கையும் ரௌட்டர் வயரையும் சேர்த்து கழட்டுங்கோ, இடி வாறது கரண்ட் வயரால மட்டுமில்ல, டெலிஃபோன் லைனாலயும் வந்து லேன் போர்ட்டை சாப்பிட்டுட்டுப் போகும்.

பாவிச்ச கொன்சோல் எண்டா

இது சுருக்கமா முடியும். இன்டர்நெட்ல போட்டு அக்கவுண்ட் ஒண்டில நுழைஞ்சு பாருங்கோ, கொம்பனி தடை செய்த (பான் பண்ணின) மெஷின் எண்டா அங்க தெரிஞ்சிடும். டிஸ்க்கை போட்டு எடுத்துப் பாருங்கோ, எச்டிஎம்ஐ ஓட்டைக்குள்ள ஃபோன் லைட் அடிச்சு பின் வளைஞ்சிருக்கா எண்டு பாருங்கோ, கொன்ட்ரோலரை மேசையில வச்சிட்டு கை எடுத்தா கமரா தானா சுத்துதா எண்டு பாருங்கோ. அரை மணித்தியாலம் பெரிய கேம் ஒண்டு ஓட விட்டு ஃபேனைக் கேளுங்கோ. பிஎஸ்4 எண்டா சிஸ்டம் சொஃப்ட்வெயார் 9.00ஓ அதுக்கு மேலயோ எண்டும் பாருங்கோ, அதுக்கு முந்தினதில உள்ள இருக்கிற சின்ன வட்ட பற்றறி செத்து நெட்டும் இல்லாட்டி கேம் திறக்காது.

அந்த வட்ட பற்றறிதான் சீஆர் 2032. பழைய பென்டியம் போர்டில இருக்கிறதும் அதேதான்.

கட்டிலுக்கு கீழ இருக்கிறதை எறிய முதல்

அளந்து முடிச்சிட்டு நிக்கேக்க அக்கா சொன்னா, "தம்பி, உன்ர அந்தப் பழைய பெட்டி இஞ்சதான் கிடக்கு, பழைய இரும்புக்காரனுக்கு குடுக்கவா?" எண்டு. கட்டிலுக்கு கீழ, அம்மா பூ தைச்ச துணியால மூடினபடி, எங்கட 2003 பென்டியம் 4. 2.4 கிகாஹேட்ஸ், 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹாட் டிஸ்க், மேல சொன்ன அதே எம்எக்ஸ் 440. கேசிங் பால் நிறத்தில இருந்தது தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. சுவிட்சை போட்டன், ஃபேன் சுத்துது, திரை வரேல்ல, நீளமா பீப் பீப் எண்டு அடிக்குது.

இப்பிடி ஒண்டு உங்கட வீட்டிலயும் இருந்தா இப்பிடிச் செய்யுங்கோ. பிளக்கை கழட்டிட்டு மூடியை திறவுங்கோ. முதல் வேலை போர்டில நிக்கிற சின்ன உருளை கெப்பாசிட்டர்களின்ர தலையைப் பாக்கிறது, தட்டையா இருக்க வேணும், உப்பி இருந்தாலோ பழுப்பா ஏதும் வடிஞ்சிருந்தாலோ கரண்ட் குடுக்காதீங்கோ, 2000 தொடக்கத்தில வந்த போர்டுகளுக்கு இது பொதுவான வருத்தம், சோல்டர் பிடிக்கத் தெரிஞ்ச ஆளிட்ட குடுத்து மாத்தலாம். எங்கடதில ஒண்டும் உப்பேல்ல. அடுத்தது ரேம். ரெண்டு பக்க கிளிப்பையும் வெளிய தள்ளினா குச்சி தானா எழும்பும், அதின்ர அடியில பொன் நிறத்தில வரிசையா பல்லு இருக்கும், எங்கட குச்சியில அது மங்கிப்போய் கடைசிப் பக்கம் பச்சையா இருந்தது. பள்ளிக்கூட வெள்ளை அழிறப்பரை எடுத்து மேலயிருந்து கீழ ஒரே திசையில தேய்க்க வேணும், குறுக்க தேய்க்கிறேல்ல, அழுத்துறதும் இல்ல, நாலைஞ்சு தரம் தேய்க்க அழிறப்பர் கறுப்பாகும், பல்லு மினுங்கும். துகளை பெயின்ட் பிரஷால தட்டி, ஸ்லொட்டுக்குள்ளயும் பிரஷை விட்டுத் தட்டி, குச்சியை ரெண்டு பெருவிரலாலயும் அமத்த "டிக்" எண்டு கிளிப் ரெண்டும் தானா மூடும். ஏஜிபி காட்டுக்கும் (அந்தக் கால கிராபிக் காட்) இதே வைத்தியம்.

திரும்பப் போட்டா ஒரேயொரு சின்ன பீப். அந்த ஒத்தை பீப்பைக் கேட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டுது, சொன்னா சிரிப்பீங்க. திரையில திகதி பிழையா, சீமொஸ் செக்சம் எரர் எண்டு வந்தது, அது பற்றறி செத்ததாலதான், சீஆர் 2032 ஒண்டை எழுத்து மேல பாக்க வச்சு, பயோஸ்ல (விண்டோஸ் திறக்க முதல் வாற செட்டிங்) திகதியை திருத்தி சேவ் பண்ண சரி. ஹாட் டிஸ்க் கிறீச் எண்டு கத்தினா அதில இருக்கிற படங்களை முதல் கொப்பி எடுத்திட்டு, ஐடிஈக்கு (பழைய ஹாட் டிஸ்க் கொழுவுற இடம்) கொம்பெக்ட் ஃபிளாஷ் அடப்டர் ஒண்டு போட்டு அந்த மெமரி காட்டையே டிஸ்க்காக்கலாம், சத்தமே இல்ல. அகல ரிப்பன் கேபிள் ரெண்டு சாமானுக்கு போனா பின்னால இருக்கிற ஜம்பரை ஒண்டு மாஸ்டர் ஒண்டு ஸ்லேவ் எண்டு வையுங்கோ, மறந்தா ரெண்டும் தெரியாது. எக்ஸ்பி போட்டா நெட் கொழுவாதீங்கோ, 2014 ஏப்ரலோட அதுக்கு பாதுகாப்பு அப்டேட் நிண்டுட்டுது. குண்டு மொனிட்டரை மட்டும் ஒருக்காலும் திறக்காதீங்கோ, நிப்பாட்டின பிறகும் உள்ள ஆயிரக்கணக்கான வோல்ட் நிக்கும்.

பழைய மெஷினை ஏன் வச்சிருக்க வேணும் எண்டா, 2000 அளவில வாங்கின ஒரிஜினல் சீடி கனக்க புது விண்டோஸ்ல திறக்காது. அதுகளில இருக்கிற சேஃப்டிஸ்க் எண்ட கொப்பி தடுப்பு ஓட வேண்டிய டிரைவரை விண்டோஸ் 10ல இருந்து மைக்ரோசொஃப்ட் எடுத்திட்டுது, சீடி கையில இருந்தும் கேம் வராது, எக்ஸ்பியில போட்டா உடன வரும். மெஷினை வைக்க இடமில்லாட்டி விண்டோஸுக்கு முந்தின டொஸ் கேமுக்கு டொஸ்பொக்ஸ் எண்ட புரோகிராம் இருக்கு, பிறகு வந்ததுகளை ஜிஓஜி எண்ட ஒன்லைன் கடையில திருத்தின பதிப்பா வாங்கலாம். ஜிடிஏ சான் அன்ட்ரியஸ் கேம் போட்டா ஃபிரேம் லிமிட்டரை ஓஃப் பண்ணாதீங்கோ, புது மெஷின்ல கூடின எஃப்பிஎஸ்க்கு நீந்துறதே குழம்பும்.

பழைய கொன்சோல் பக்கம் என்ர கதை கொஞ்சம் சோகம். பிஎஸ்2 பெரிய மொடல் ஒண்டு ஒருத்தரிட்ட மலிவா கிடைச்சுது, கொண்டு வந்து நேர பிளக்கில குத்தினன், ஒரு நிமிசம் நீல லைட், பிறகு புகை. ஜப்பான் மெஷின், பின் ஸ்டிக்கர்ல 100 வோல்ட் எண்டு வடிவா எழுதியிருந்தது, நான்தான் பாக்கேல்ல. எங்கட கரண்ட் 230. பழைய சாமான் எதெண்டாலும் முதல் ஸ்டிக்கரை வாசியுங்கோ, 100 எண்டு இருந்தா ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபோமர் இல்லாம தொடாதீங்கோ. பிஎஸ்5 மாதிரி புதுசுகள் 100இல இருந்து 240 வரைக்கும் தாங்கும். பிஎஸ்2ஐ எல்ஈடி டிவியில போட்டு மங்கலா இருக்கெண்டா மஞ்சள் வயரை விட்டிட்டு கொம்போனன்ட் கேபிள் வாங்குங்கோ, ஆனா பழைய வயர் இருக்கேக்கயே மெனுவுக்குள்ள போய் கொம்போனன்ட் செட்டிங்கை ஆர்ஜிபியில இருந்து மற்றதுக்கு மாத்திட்டு பிறகு கேபிளை மாத்துங்கோ, இல்லாட்டி நிறம் கூத்தாடும்.

இந்த ரெண்டு கதையிலதான் என்ர முடிவும் இருக்கு. கொன்சோல் சாகேக்க முழுசா சாகும், பீசி துண்டு துண்டாத்தான் சாகும், அந்தந்தத் துண்டை மாத்திக்கொண்டு போகலாம். மூடி கழட்ட விருப்பமில்லாத ஆள், வேலையால வந்து கதிரையில விழுந்து ஒரு மணித்தியாலம் விளையாடிட்டு படுக்கிற ஆள் எண்டா கண்ணை மூடிக்கொண்டு கொன்சோல் எடுங்கோ, அதில வெக்கமில்ல. அக்காட மகன் அழிறப்பரை என்ர கையில இருந்து பறிச்சு ஏஜிபி காட்டை தானே தேய்ச்சவன், அவனுக்கு பீசிதான் எண்டு நான் அங்கயே சொல்லிட்டன்.

அடுத்த சனிக்கிழமை யுனிட்டி பிளாசாவில நாலு கொட்டேஷன் எடுத்தம், பவர் சப்ளை வரியை அவனே வெட்டி எழுதுவிச்சான். பென்டியம் 4 இப்ப ஹோல் மூலையில நிக்குது. முதல் நாள் எக்ஸ்பி திறந்தவுடன அம்மம்மா கண்ணாடியை போட்டுக்கொண்டு வந்து, "அதில அந்த சீட்டு விளையாட்டு இருந்ததே, இப்பவும் இருக்கோ?" எண்டு கேட்டா. இருந்தது. இப்ப ஆறரை மணிக்கு டிவி சும்மா கிடக்குது, பெடியன் என்னைப் பாத்து, "மாமா, பிஎஸ்5உம் எடுத்திருக்கலாம் போல" எண்டுறான்.